முன்னாடி கேஸ் வாங்குன தியேட்டருக்கு மறுபடி லைசென்ஸ் குடுக்கலாமா?

கடைசிவரிசை கேட்டது:
எங்க ஊர் மதுரை பக்கம், தியேட்டர் பேர் வேணாம். போன தீபாவளிக்கு கூட்டம் அள்ளுச்சு, டிக்கெட் இல்லாதவங்க உள்ள வந்துர்றாங்கன்னு பால்கனி எக்ஸிட் கதவை செயின் போட்டு பூட்டிட்டாங்க. யாரோ கம்ப்ளெயின்ட் குடுத்து அதிகாரிங்க வந்து பார்த்து நோட்டீஸ் ஒட்டுனாங்க, கொஞ்ச நாள் மூடியும் கிடந்துச்சு. இப்ப சி ஃபார்ம், அதான் தியேட்டர் நடத்தற லைசென்ஸ், ரினிவலுக்கு போட்டிருக்காங்களாம். ஊர்ல பாதிப்பேர் "அதான் ஃபைன் கட்டிட்டாங்களே, விடுங்கப்பா"ங்கறாங்க, எனக்கு மனசு ஒப்பல, அந்த பால்கனில எங்க அக்கா பிள்ளைங்க உக்காந்து படம் பாக்குதுங்க. குடுக்கறது சரியா? பப்ளிக் நாம ஏதாவது பண்ண முடியுமா?

வெளிச்சக்கற்றை:
ஃபைன் கட்டுனா கதவு தொறந்துருச்சுன்னு அர்த்தம் இல்லங்க. டெல்லி உபஹார் தியேட்டர் கதைய ஒருதடவை முழுசா படிங்க. 1997 ஜூன் 13, மேட்னி ஷோ, 59 பேர் செத்தாங்க, நூறு பேருக்கு மேல காயம். அது திடீர்னு நடந்த விபத்துன்னு நெறைய பேர் நினைக்கறாங்க, இல்ல. 1983லயே அந்த தியேட்டர்ல தீ பாதுகாப்பு குறைங்க இருக்குன்னு லைசென்ஸை சஸ்பெண்ட் பண்ணாங்க, ஓனர்ங்க ஹைகோர்ட் போய் ஸ்டே வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் முழு லைசென்ஸும் இல்ல, மூடவும் இல்ல, ரெண்டு ரெண்டு மாசத்துக்கு தற்காலிக பர்மிட், அதையே திரும்ப திரும்ப குடுத்து பதினாலு வருஷம் ஓட்டிட்டாங்க. நடுவுல 1989ல அதே கட்டடத்துல டிரான்ஸ்ஃபார்மர் தீப்பிடிச்சுது, அப்பவும் யாரும் முழிச்சுக்கல.

பால்கனில கூடுதல் சீட் போட்டு வலதுபக்க நடைபாதைய அடைச்சிருந்தாங்க, ஓனர் குடும்பத்துக்குன்னு எட்டு சீட் பாக்ஸ் கட்டி அந்தப்பக்க எக்ஸிட்டும் போச்சு. அந்த 1997 ஜூன் 13 காலைலயே கீழ் பார்க்கிங்ல இருந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு ஒப்புக்கு ரிப்பேர் பண்ணாங்க, சாயங்காலம் திரும்ப எரிஞ்சு எண்ணெய் கசிஞ்சு கார்ல பத்தி புகை மேல ஏறிருச்சு. தீக்காயத்துல இல்ல, மூச்சுமுட்டி செத்தாங்க. உங்க ஊர்ல பூட்டுனதும் பால்கனி கதவுதான். எனக்கு படிச்சதும் வயித்த கலக்குது.

பழைய ஆபரேட்டர்:
நான் சிங்கிள் ஸ்கிரீன்ல ரொம்ப வருஷம் வேலை பாத்தவன், என் பக்கத்தையும் கேளுங்க. ஒருதடவை தப்பு பண்ணுனதுக்காக அடியோட இழுத்து மூடிட்டா கேன்டீன், டிக்கெட் கவுன்டர், துப்புரவு பாக்குற ஜனம் எல்லாம் தெருவுக்கு வந்துரும், அப்புறம் இடத்தை வித்து கல்யாண மண்டபம் ஆக்கிருவாங்க, அந்த மண்டபத்தை யாரு செக் பண்றா? அதனால ரினிவலே கூடாதுங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா செக்கிங் பண்ற விதம் மாறணும். எப்பவும் சொல்லிட்டு பகல்ல காலி ஹாலுக்குத்தான் வருவாங்க, அன்னிக்கு எல்லா கதவும் பளிச்சுனு தொறந்திருக்கும், தீயணைப்பு சிலிண்டர்ல புது ஸ்டிக்கர் இருக்கும். ஹவுஸ்ஃபுல் ஓடறப்ப சொல்லாம வந்து பால்கனி கதவை கையால தள்ளிப் பாருங்க, உண்மை அங்கதான் தெரியும்.

மனுக்காரன்:
சட்டப்படி சொல்றேன். சென்னைல போலீஸ் கமிஷனர், மத்த மாவட்டத்துல கலெக்டர்தான் தியேட்டருக்கு லைசென்ஸ் குடுக்கறவங்க. கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, தீயணைப்புத் துறை சான்று, சுகாதார சான்று எல்லாம் வேணும், விதிய மீறுனா சஸ்பெண்டோ ரத்தோ பண்ற அதிகாரமும் அவங்களுக்கே இருக்கு. திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல மனு குடுங்க, ரசீது வாங்காம வராதீங்க. பழைய நோட்டீஸ் நகல், அதுக்கு தியேட்டர் குடுத்த பதில், கடைசி ஆய்வு அறிக்கை மூணையும் பத்து ரூபா கட்டி ஆர்டிஐல (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) கேளுங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும்.

பழைய குத்தத்தை யாரும் எடுத்துப் பாக்காட்டி என்ன ஆகும்னா குஜராத் ராஜ்கோட்ல பிள்ளைங்க விளையாடற கேம் ஜோன் எரிஞ்சத பாருங்க. 2023ல இடிக்கச்சொல்லி நோட்டீஸ் போயிருந்துச்சு, அதே வருஷம் வெல்டிங் பொறில சின்னதா தீயும் பிடிச்சுது, தீயணைப்பு சான்று இல்ல, ஆனாலும் போலீஸ் குடுக்கற டிக்கெட் லைசென்ஸ் 2024க்கும் புதுப்பிச்சு கைல இருந்துச்சு. அந்த மே 25ல திரும்ப வெல்டிங் பொறி, 27 பேர் செத்தாங்க, அதுல குழந்தைங்களும். ஒரு ஆஃபீஸ் நோட்டீஸ் விடுது, இன்னொரு ஆஃபீஸ் ரினிவல் போடுது, ரெண்டு ஃபைலும் ஒரே மேஜைக்கு வரவே இல்ல.

கடைசிவரிசை:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஆபரேட்டர் அண்ணே, நானும் மூடணும்னு கேக்கல, எங்க ஊருக்கு இருக்கறதே அந்த ஒரு தியேட்டர்தான். மனுல என்னன்னு எழுதறது?

மனுக்காரன்:
"ரினிவல் குடுக்காதீங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, ஓரமா வச்சிருவாங்க. நோட்டீஸ் தேதிய போட்டு, அந்த குறை சரியாச்சான்னு ஷோ ஓடறப்ப தீயணைப்பு அலுவலர் நேர்ல பாத்து எழுதித்தரணும், அதுவரைக்கும் தற்காலிக பர்மிட்டும் வேணாம், கேளுங்க. தள்ளுனா தொறக்கற பார் வச்ச கதவா மாத்தச் சொல்லுங்க, வெளிலருந்து ஆள் வர முடியாது, உள்ளருந்து யாரும் போகலாம், டிக்கெட் இல்லாம வர்றாங்கங்கற சாக்கும் அடிபட்டுப் போகும். நாலஞ்சு குடும்பமா கையெழுத்து போட்டு குடுங்க. ஆர்டிஐ பதில் வந்ததும் இங்க போடுங்க, பாத்துட்டு அடுத்ததை சொல்றேன்.