பழனிக்கு நடக்கும் வழியில் உங்கள் மனம் எங்கே இருக்கிறது?

கேள்வி – சென்னிமலைக்காரன்

தைப்பூசத்தை ஒட்டி எங்கள் ஊர்க் குழுவோடு சென்னிமலையிலிருந்து காங்கேயம், ஊதியூர், தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடந்து போய் வந்தேன். வழியில் பேச்சைக் குறைத்து முருகனையே நினைத்து நடக்க வேண்டும், அண்மையில் காலமான அப்பாவைப் பற்றியும் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மாலை போட்ட நாளிலேயே தீர்மானித்திருந்தேன். ஆனால் காங்கேயம் தாண்டியதும் உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பிவிட்டது. அதன்பிறகு அடுத்த பந்தல் எவ்வளவு தூரம், அங்கே சுக்குக் காபி கிடைக்குமா, சாலையோரத்து வெள்ளைக் கோடு எதுவரைக்கும் அழியாமல் இருக்கிறது என்பவற்றைத் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்கவில்லை. (உச்சி வெயிலில் அந்தக் கோட்டின் மேல்தான் வெறுங்காலை ஊன்ற முடியும் என்பது நடந்தவர்களுக்குத் தெரியும்.) பல காலமாக நடப்பவர்களைக் கேட்கிறேன்: வழியில் உங்களுக்குச் சிந்தனை என்று ஒன்று வாய்க்கிறதா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தானா?

பதில் – தீர்த்தக்காவடி

தம்பி, நான் தைப்பூசத்துக்குப் போகிறவன் அல்லன். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் முத்தரித்து (முறைப்படி குடத்தில் எடுத்து), அதைச் சுமந்துகொண்டு நடக்கிறவன். எங்கள் குழுவில் தீர்த்தத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால், குடம் யார் தோளில் இருக்கிறது, அடுத்து யார் மாற்றிக்கொள்வது, தண்ணீர் தளும்புகிறதா என்பதிலேயே வழி முழுவதும் கவனம் போய்விடும். அதை ஒரு குறையாக நான் எண்ணியதில்லை. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் காவடியாகக் கட்டித் தூக்கி வந்த இடும்பன், களைத்துப்போய் இறக்கி வைத்த இடம்தானே பழனி? மீண்டும் தூக்க வந்தபோது மலை அசையவில்லை என்றும், அதன் பிறகுதான் முருகன் வெளிப்பட்டான் என்றும் கதை சொல்கிறது. அவன் வழியெல்லாம் தத்துவம் யோசித்துக்கொண்டு வந்ததாக யாரும் சொல்லவில்லை; அவனுக்கும் தோள்வலிதான் இருந்திருக்கும். அப்படிப்பட்டவனை முதலில் வணங்கிவிட்டு முருகனிடம் போகிற நாம், கொப்புளத்தை நினைத்து நடந்ததற்காக ஏன் வருந்த வேண்டும்?

பதில் – தாராபுரத்தாள்

பெரியவர் சொல்வதை முழுவதும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. சிந்தனை ஓடாததற்குக் கால்வலி மட்டும் காரணமன்று. பந்தலுக்குப் பந்தல் அலறும் ஒலிபெருக்கியும், குழுவோடு ஓட்டமாய் ஓட வேண்டியிருப்பதும் பெரிய காரணங்கள். அன்னதானம் போடுகிறவர்களின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசியாக நடந்தபோது நாங்கள் சிலர் மட்டும் ஊதியூரிலிருந்து விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டோம். முதுகில் ஒளி மின்னும் பட்டையை ஒட்டிக்கொண்டுதான். பொழுது புலரும்போது இரண்டு பக்கமும் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், தெரிந்தது. கிளுவை வேலி, அதற்குள் இடைவெளி விட்டு நிற்கும் வெள்வேல மரங்கள், காய்ந்த கொழுக்கட்டைப் புல், தலையைத் தூக்கி எங்களைப் பார்த்த ஒரு காங்கேயம் பசு. மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில் உழவை நம்பாமல், மேய்ச்சலை நம்பி வேலி போட்டு வைத்த முன்னோரைப் பற்றி அன்றைக்குத்தான் யோசித்தேன். பேருந்தில் எத்தனையோ முறை அதே வழியில் போயிருந்தும் அந்த வேலி என் கண்ணில் பட்டதில்லை. தம்பிக்கு அப்பாவைப் பற்றி எண்ண வேண்டுமானால், குழுத்தலைவரிடம் சொல்லிவிட்டு இரண்டொருவரோடு சற்றுப் பின்தங்கி நடக்கலாம்.

பதில் – மேட்டூர்ச்சாலை

பூசத்தன்றே போய்ச் சேர வேண்டும் என்ற வேண்டுதல் இல்லையென்றால், கூட்டம் வடிந்த பிறகு நடந்து பாருங்கள். எடப்பாடிக் காவடிக் குழுவினர் தைப்பூசம் முடிந்த பிறகுதான் பழனிக்கு வருகிறார்கள். தாங்களே பஞ்சாமிர்தம் செய்து, வழிவழியான உரிமைப்படி மலைக்கோயிலிலேயே ஓர் இரவு தங்கவும் செய்கிறார்கள். பங்குனிக்குப் போவதானால் தார்ச்சாலையின் சூடு தைமாதத்தைப் போல் இராது. மாலை நான்கு மணிக்கு மேல் கிளம்பி, காலை ஒன்பதுக்குள் ஒதுங்கிவிட வேண்டும். கொப்புளத்தை ஊசியால் குத்தித் தோலை உரிக்காதீர்கள். சுத்தமான துணியைச் சுற்றிக்கொண்டு நடப்பதே போதும். சர்க்கரை நோய் இருப்பவர்கள் வெறுங்காலோடுதான் நடப்பேன் என்று அடம்பிடிக்காமல், முன்னதாகவே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.