அரசியல் அறிவியல் வகுப்பில் மாணவர் கேட்டு, இன்றும் மனத்தை விட்டு அகலாத ஒரு கேள்வி எது? உங்கள் அனுபவம் என்ன?

வைகைக்கரை:
உசிலம்பட்டி வட்டாரத்துப் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு, உள்ளாட்சிப் பாடம். அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது, அதன்படி பட்டியல் வகுப்பினருக்கும் பெண்களுக்கும் ஊராட்சிகளில் இடங்கள் ஒதுக்கப்பட்டன என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். ஒரு மாணவர் எழுந்து, "சட்டம் அப்போதே வந்துவிட்டதென்றால், பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை ஏன் ஐயா தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை?" என்று கேட்டார். அந்த ஊர்களின் கதை இங்கே யாருக்கும் புதிதன்று. தலைவர் பதவி பட்டியல் வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டது முதல், ஊரின் ஆதிக்கச் சாதியினர் வேட்புமனுவே வராமல் செய்தும், பெயருக்கு ஒருவரை நிறுத்தி, வென்ற கையோடு பதவி விலகச் செய்தும் பத்தாண்டுகளைக் கடத்தினார்கள். நான் பதில் சொல்லத் தொடங்கியதும், கேட்டவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவர் பாடநூலை மெல்ல மூடி, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். மேலவளவில் 1997இல் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டது வரை முழுவதையும் சொல்லி முடித்தேன். மறுநாள் முதல் அவர்கள் இருவரும் வெவ்வேறு வரிசைகளில் உட்கார்ந்தார்கள். அவர்களைத் திரும்ப ஒரே பெஞ்சில் காண முடியவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

சுண்ணக்கட்டி:
வைகைக்கரை ஐயாவுக்கு வணக்கம். தாங்கள் அந்த இடத்தில் ஊர்ப் பெயர்களுக்குள் போயிருக்க வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். எனக்கும் ஒருமுறை, மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர இடமளிக்கும் 356ஆவது பிரிவை நடத்தும்போது, "நீங்கள் எந்தக் கட்சி சார்?" என்று ஒரு மாணவி நேராகக் கேட்டுவிட்டார், வகுப்பே என் முகத்தைப் பார்த்தது, நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பின் நான் கைக்கொள்ளும் முறையை மற்றவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 ஆகிய ஆண்டுகளில் ஆட்சிகள் கலைக்கப்பட்டன. இரண்டு முறை தி.மு.க., இரண்டு முறை அ.தி.மு.க. இந்நான்கையும் ஒரே நாளில், ஒரே அளவுகோலால் எடுத்து வையுங்கள். எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தன் வீட்டுக் கட்சியை மட்டும் குறிவைத்ததாகத் தோன்றாது. அடுத்து, இத்தகைய பிரிவுகள் பயன்படுத்தப்படாமலேயே கிடக்கும் என்று தாம் நம்புவதாக அம்பேத்கர் 1949இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய பகுதியை மாணவர்களையே வாசிக்கச் செய்யுங்கள். பிறகு, ஆட்சிக் கலைப்பை எதிர்த்துக் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் தந்த தீர்ப்பு: ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்தில்தான் பார்க்க வேண்டுமே தவிர, ஆளுநர் மாளிகையில் அன்று. வகுப்பை இரண்டாகப் பிரித்து, தான் ஏற்காத பக்கத்துக்காகவே ஒவ்வொருவரும் வாதாட வேண்டும் என்று சொல்லுங்கள். ஆசிரியரின் கருத்துக்கு அங்கே வேலையே இராது.

முன்னாள் மாணவி:
நான் ஆசிரியர் அல்லேன். பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை, பதினேழு வயது நிரம்பியவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று விளக்கி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6ஐ எல்லோருக்கும் கொடுத்தார். வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த 61ஆவது திருத்தத்தை அன்றுதான் முடித்திருந்தோம். என் அருகில் இருந்த தோழி படிவத்தை வாங்கி, முதல் வரிகளைப் படித்துவிட்டு, ஒரு மடிப்புகூட விழாமல் ஆசிரியையின் மேசைக்கே கொண்டுபோய் வைத்தாள். அவள் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருபவள். "நான் பிறந்ததும் இங்கேதானே மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் 1987லேயே மாறிவிட்டது, 2004இல் அது மேலும் இறுகியது, சில அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி செய்த 2019இன் திருத்தத்திலும் இலங்கை இடம்பெறவில்லை என்பதையெல்லாம் நான் கல்லூரிக்கு வந்த பிறகே படித்தேன். குடியுரிமைப் பாடத்தில் அவள் எங்கள் எல்லோரையும் விடக் கூடுதல் மதிப்பெண் வாங்கியவள்.

தென்பெண்ணை:
தங்கையே, உங்கள் பதிவைப் படித்தபின் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் வகுப்பிலும் முகாம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடிப்படை உரிமைகளை நடத்தும்போது, சட்டத்தின்முன் சமத்துவம் தரும் 14ஆவது, உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆவது பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் இருக்கும் எந்த மனிதருக்கும் உரியவை என்பதையும், பேச்சுரிமை போன்றவற்றைத் தரும் 19ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதையும் அருகருகே பட்டியலாக எழுதிக் காட்டுகிறேன். ஒரு மாணவர் அந்தப் பட்டியலைத் தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மறுபடி எழுதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். படிவம் கொடுப்பதற்கு முதல் நாளே அத்தகைய பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பேசிவிடுவது ஆசிரியரின் கடமை.

வைகைக்கரை:
சுண்ணக்கட்டி ஐயா, நான்கு கலைப்புகளையும் ஒரே தராசில் வைக்கும் தங்கள் முறை கட்சி விவகாரத்துக்குப் பொருந்தும். அதை நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் பட்டியல் வகுப்பினர் ஒருவர் உட்காரலாமா என்பதற்கு இரண்டு பக்கம் கிடையாது. தீண்டாமையை 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கம் வாதாட நான் எந்த மாணவரையும் நிறுத்த மாட்டேன். மேலும், ஊர்ப் பெயரைச் சொன்னவர் மாணவர்; அதைக் கேளாதது போல நான் கடந்திருந்தால், அவர் அந்தப் பாடநூலில் வேறெதையும் நம்பியிருக்க மாட்டார். 2006 அக்டோபரில் அவ்வூர்களில் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றதையும் சேர்த்தே சொன்னேன். இந்த ஆண்டும் அப்படியே நடத்தப் போகிறேன். அந்த இரண்டாவது மாணவரைப் போன்றவர்களோடு வகுப்புக்குப் பிறகு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதை மட்டும், அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடன் படிப்பேன்.