ஷோரூம் கண்ணாடியில் கார் காட்டிய அனுபவம்

காரைக்குடியிலிருந்து:

இங்குள்ள கார் ஷோரூம் ஒன்றின் முகப்புக் கண்ணாடியில் விளம்பரக் காட்சி அமைத்துக் கொடுத்தேன். தெருவில் நிற்பவர் கையை அசைத்தால் கண்ணாடியில் தெரியும் கார் நிறம் மாறும், கதவு திறக்கும். கண்ணாடியின் உட்புறம் அதற்கென உள்ள ஃபிலிமை ஒட்டி, உள்ளிருந்தே புரொஜெக்டரால் படம் விழச் செய்வதுதான் முறை.

பாடாய்ப் படுத்தியது கறுப்பு நிறம். படத்தில் கறுப்பு என்பது ஒளி விழாத வெறும் ஃபிலிம்தான். தெருவிளக்கு அதன்மேல் பட்டதும் கறுப்புக் கார் வெளிறிவிட்டது. உரிமையாளருக்கோ கறுப்பு மாடலைத்தான் காட்ட ஆசை. சிவப்பையும் வெள்ளையையும் ஓட்டிக் காட்டிய பிறகே சம்மதித்தார். இன்னொரு சிக்கல், லென்ஸுக்கு நேரே நிற்பவருக்குப் படத்தின் நடுவில் வெளிச்சப் பொட்டு கண்ணைக் கூசும். புரொஜெக்டரை உயரத்தில் சாய்த்து மாட்டியதும் அது விலகியது.

கையசைவை அறிய, 2010இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கினெக்ட் வகைக் கேமரா. அகச்சிவப்புக் கதிரால் தூரத்தை அளக்கும். கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் கதிர் அதிலேயே பட்டுத் திரும்பும் என்பதால், வெளியே ஷட்டர் பெட்டிக்குக் கீழே பொருத்தினோம். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, அது கேமராவைக் குழப்பும். பகலில் படமும் எடுபடாது. ஆகவே பொழுது சாய்ந்த பிறகுதான் காட்சி.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். ஏசி போட்ட ஷோரூமுக்குள் நுழையத் தயங்குகிற எத்தனையோ பேர் கண்ணாடி முன் தயங்காமல் நின்றார்கள். குன்றக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "இதற்குக் காசு கேட்பார்களா தம்பி?" என்றார். "இல்லை ஐயா, கையை அசையுங்கள்" என்றேன். பின்கதவு திறந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, "நீ ஏறி உட்கார வசதியா, பார்" என்றார். நிறத்தை மாற்றிக் காட்டுவதில் மட்டும் காசைக் கொட்டாதீர்கள். பின் இருக்கை, டிக்கி, படியின் உயரம், எல்லா வரியும் சேர்ந்த விலை, இவற்றைக் காட்டுங்கள். மக்கள் பார்க்க வருவது அவற்றைத்தான்.

தேவகோட்டையிலிருந்து:

நானும் பார்த்தேன் அண்ணன். சிறுவர்கள் கூட்டமாகக் கையை ஆட்டியதில் கார் யார் சொல்லையும் கேட்கவில்லை. என் அம்மா கடைசிவரை ஓரமாகவே நின்றார்.

காரைக்குடியிலிருந்து:

உண்மைதான். இப்போது நடைபாதையில் பாதத்தடம் வரைந்து, அதில் நிற்பவரை மட்டும் கேமரா கவனிக்கும்படி செய்திருக்கிறோம். அம்மாவை ஒருநாள் அழைத்து வாருங்கள்.

ஆத்தங்குடியிலிருந்து:

காருக்கு அடியில் எங்கள் ஊர்த் தரைக்கல்லின் பூவேலையைக் காட்டியது மகிழ்ச்சி. ஆனால் கல் மங்கலாக இருந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பதால்தான் ஆத்தங்குடிக் கல்லுக்கு அந்த வழவழப்பே வருகிறது. அது படத்தில் தெரிய வேண்டும். சாயங்கால வெளிச்சத்தில் எங்கள் பட்டறைக்கு வந்து புதிதாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூவைக் கொஞ்சம் சிறிதாகப் போட்டால் காரும் எடுப்பாக இருக்கும்.