ஹூத்திகள் மீது போடும் ஒரு குண்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவு?

திருப்பூர் செந்தில் கேட்டது:

வணக்கம். ராணுவ விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இதை விளக்கினால் நல்லது.

எனக்கு பனியன் கம்பெனி. சரக்கு ராட்டர்டாம், ஹாம்பர்க் பக்கம் போகிறது. 2023 நவம்பரில் ஏமனின் ஹூத்தி ஆயுதக் குழுவினர் செங்கடலில் கப்பல்களைப் பிடிக்கவும் அடிக்கவும் ஆரம்பித்ததிலிருந்து என் பெட்டிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன. வழியில் பத்துப் பதினான்கு நாள் கூடுதல். பையரிடம் பேச்சு வாங்குவது நான்தான். அதனால் இந்தச் சண்டைச் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறேன்.

எனக்குப் புரியாதது இதுதான். ட்ரோனைச் சுட்டு வீழ்த்த அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஏவும் எஸ்எம்-2 ஏவுகணை ஒன்று சுமார் 21 லட்சம் டாலர், நம்ம பணத்தில் 17 கோடிக்கு மேல். வருகிற ட்ரோனோ சில ஆயிரம் டாலர்தான் இருக்குமாம். இது கட்டுப்படியாகாது என்றுதானே ஏவுகிற இடத்தையே அடிக்கப் போனார்கள்? 2025 மார்ச் 15 முதல் மே 6 வரை அமெரிக்கா தினமும் அடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இலக்குகள் என்றார்கள். முதல் மாதத்திலேயே செலவு 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தது.

குறிபார்த்து விழும் குண்டு 30 ஆயிரம் டாலர் என்று படித்தேன். ஆயிரம் இலக்கு என்றால் 3 கோடி டாலர். மீதி 97 கோடி எங்கே போனது? எங்கள் தொழிலில் இப்படி ஒரு காஸ்டிங் ஷீட் வந்தால் மெர்ச்சண்டைசரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

சார்ஜென்ட் (ஓய்வு):

செந்தில் தம்பி, நான் விமானப் படையில் ஆர்மமென்ட் பிரிவில் இருந்தவன். விமானத்தில் குண்டு மாட்டுவதுதான் வேலை.

நீங்கள் சொன்ன 30 ஆயிரம், ஜேடாம் என்கிற வால் பகுதியின் விலை. பழைய 500 பவுண்டு இரும்புக் குண்டின் பின்னால் அதை மாட்டினால், ஜிபிஎஸ் பார்த்துப் போய் விழும். மலிவான சரக்குதான். ஆனால் அதைப் போட விமானம் இலக்குக்குக் கொஞ்சம் கிட்டே போக வேண்டும். ஹூத்திகளிடம் விமானத்தை அடிக்கும் ஏவுகணை இருக்கிறது. அதனால் தூரத்திலிருந்தே அடிக்கப் பார்த்தார்கள். கப்பலிலிருந்து டோமஹாக் ஏவுகணை, அது ஒன்று சுமார் 20 லட்சம் டாலர். விமானத்திலிருந்து ஜாஸம் ஏவுகணை, அது பத்து லட்சத்துக்கு மேல். உங்கள் 3 கோடி இங்கேயே காணாமல் போய்விட்டது.

அப்புறம் இழந்தது. மார்ச், ஏப்ரலில் மட்டும் எம்க்யூ-9 ரீப்பர் ட்ரோன் ஏழு போயிற்று. ஒன்று சுமார் 3 கோடி டாலர். மலைக்குள் ஒளித்து வைத்திருக்கும் ஏவுகணை வண்டி எப்போது வெளியே வருகிறது என்று மணிக்கணக்காக வட்டமடித்துப் பார்ப்பது அதுதான். அது விழுந்தால் அடுத்த இலக்கைத் தேட முடியாது. ட்ரூமன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து இரண்டு எஃப்-18 போர் விமானங்கள் கடலில் விழுந்தது எதிரி சுட்டல்ல. ஏப்ரல் 28இல் ஹேங்கரில் இழுத்துக்கொண்டு போனபோது விமானம், இழுத்த டிராக்டர் இரண்டும் சேர்ந்து கடலுக்குள். மே 6இல் இறங்கும்போது பிடிகம்பி பிடிக்காமல் இன்னொன்று. ஒவ்வொன்றும் 6 கோடி டாலருக்கு மேல். இழப்பு மட்டும் கூட்டிப் பாருங்கள், 33 கோடி வருகிறது. உங்கள் கணக்கைப் போல 11 மடங்கு.

பேப்பர்காரர்கள் எழுதாத செலவு ஒன்று உண்டு. குண்டைத் தொங்கவிட்ட பிறகு, சிவப்புப் பட்டை கட்டிய பாதுகாப்பு ஊசிகளைக் கடைசியில் ஒவ்வொன்றாக உருவி, பைலட்டுக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். பல நாள் அதே விமானம் அதே குண்டோடு திரும்பி வரும். இலக்கு கிடைத்திருக்காது, இல்லை மேகம், இல்லை பக்கத்தில் ஆள் நடமாட்டம். நாங்கள் அதே ஊசிகளை மறுபடி குத்துவோம். குண்டு செலவாகவில்லை. ஆனால் பறந்த மணிநேரம், எரிபொருள், இன்ஜின் ஆயுள் எல்லாம் செலவுதான். 2024 ஜனவரியில் பிரிட்டிஷ் டைஃபூன் போர் விமானங்கள் சைப்ரஸிலிருந்து ஏமனுக்குப் போய்வந்த தூரம் சுமார் 5,000 கிலோமீட்டர். நடுவானில் எண்ணெய் ஊற்ற டேங்கர் கூடவே போனது. இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தீவில் பி-2 குண்டுவீச்சு விமானங்கள், கடலில் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள், வேறு இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பேட்ரியாட் வான் பாதுகாப்பு ஏவுகணைத் தொகுதிகள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு குண்டு என்ன விலை என்று கேட்டால் நான் எதைச் சொல்வது?

முத்துநகர் இன்ஜினியர்:

சார்ஜென்ட் அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் எதால் வகுக்கிறோம் என்பதிலேயே எனக்குச் சண்டை இருக்கிறது.

நான் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப் நீரிணை வழியாகப் போயிருக்கிறேன். அந்த ஏரியாவில் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. போக மாட்டேன் என்று சொல்லி இறங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. எழுத்தில் உண்டு, இறங்கியவனுக்கு அடுத்த காண்ட்ராக்ட் எப்போது என்று யாரும் எழுதித் தருவதில்லை. கப்பலை ஓட்டும் அறையில், சுற்றியுள்ள கப்பல்களின் விவரம் காட்டும் ஏஐஎஸ் திரையைப் பார்த்தால் மற்ற கப்பல்கள் சேருமிடம் எழுதும் கட்டத்தில் ஊர்ப் பெயரே இருக்காது. ‘எல்லோரும் சீனர்கள்’, ‘இஸ்ரேலோடு தொடர்பில்லை’, ‘ஆயுதக் காவலர் உண்டு’ என்று போட்டிருப்பான். எங்கள் கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, ‘நம்ம என்னன்னு போடுறது, எல்லாரும் தூத்துக்குடின்னா?’ என்றார். சிரித்துவிட்டு லைட்டை எல்லாம் அணைத்துக்கொண்டு போனோம்.

செலவை அடித்த இலக்கால் வகுத்தால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்? திரும்பி வந்த கப்பலால் வகுங்கள். 17 கோடி ரூபாய் ஏவுகணையை ட்ரோனுக்கு வீணடித்தான் என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். அந்த ட்ரோன் விழ இருந்த இடத்தில் இருபத்திரண்டு பேரும், பத்து கோடி டாலர் சரக்கும் இருந்தால் அது மலிவு. 2024 ஜனவரியில் மார்லின் லுவாண்டா எண்ணெய்க் கப்பல் ஹூத்தி ஏவுகணை பட்டுத் தீப்பிடித்தபோது அதில் 22 பேர் இந்தியர்கள். நம் கடற்படையின் விசாகப்பட்டினம் கப்பல் போய் அணைக்க உதவியது. என் பேட்ச்மேட்கள் இந்த மாதிரி டேங்கர்களில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் கரையில் போட்ட 100 கோடி டாலர் குண்டு எத்தனை கப்பலைத் திருப்பிக் கொண்டுவந்தது? 2025 மே 6இல் ஓமன் நடுவில் நின்று பேசி முடித்தது. அமெரிக்கக் கப்பலை அடிக்க மாட்டோம், நீ எங்களை அடிக்காதே, அவ்வளவுதான். ஜூலையில் மேஜிக் சீஸ் கப்பலில் ஏறி வெடிவைத்து மூழ்கடித்து, வீடியோவும் போட்டார்கள். அடுத்த சில நாளில் எடர்னிட்டி சி. அதில் மாலுமிகள் செத்தார்கள். ஆயிரம் இலக்கு அடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

சார்ஜென்ட் (ஓய்வு):

முத்துநகர் தம்பி, அடித்ததால்தான் அவர்கள் பேசவே வந்தார்கள் என்றும் சொல்லலாமே? பழைய வேகத்தில் ஏவ முடியவில்லை என்பதும் உண்மை. இன்னொன்று, மலிவான வழியும் வந்துவிட்டது. 70 மில்லிமீட்டர் ராக்கெட்டில் லேசர் வழிகாட்டி மாட்டி எஃப்-16 விமானத்திலிருந்தே ட்ரோனைச் சுடுகிறார்கள். சில பத்தாயிரம் டாலரில் முடிகிறது. ராக்கெட் பழைய காலத்துச் சரக்கு.

ஹொடைடா நர்ஸ்:

செந்தில் அண்ணா, நான் ஏமனின் துறைமுக நகரான ஹொடைடாவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தவள். 2015இல் இந்தியக் கடற்படைக் கப்பலில் ஊருக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. உங்கள் ஷீட்டில் ஒரு பத்தியையே காணோம்.

2025 ஏப்ரல் 17இல் அமெரிக்கா அடித்த ராஸ் இசா, எங்கள் ஊரிலிருந்து வடக்கே இருக்கும் எண்ணெய்த் துறைமுகம். ஹூத்திகளுக்கு வருமானம் போகிறது, அதனால் அடித்தோம் என்றார்கள். போகிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக ஹூத்தி சுகாதாரத் துறை சொன்னது. எண்ணெய் நிரப்ப வந்த லாரி டிரைவர்களும் துறைமுகத் தொழிலாளிகளும் அதில் இருந்தார்கள். 11 நாள் கழித்து வட ஏமனின் சாதா நகரில் ஆப்பிரிக்கக் குடியேறிகளை அடைத்து வைத்திருந்த இடம். அங்கே 68 பேர் என்றார்கள். சவூதிக்குக் கூலி வேலை தேடிக் கிளம்பிப் பிடிபட்ட எத்தியோப்பியப் பையன்கள்தான் அந்த மாதிரி இடங்களில் இருப்பார்கள்.

குண்டு இலக்கில்தான் விழுந்தது, தவறவில்லை. இலக்கு என்று எழுதிய இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பதற்கு ஜிபிஎஸ் பதில் சொல்லாது. ஏமனுக்கு எண்ணெயும் சாப்பாடும் பெரும்பாலும் இறக்குமதிதான். வடக்குக்கு இந்தத் துறைமுகங்கள் வழியாகத்தான் வரும். எங்கள் வார்டில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். டீசல் குறைந்தால் ஏசி, லிஃப்ட், லாண்டரி என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, குறைமாதக் குழந்தைகள் இருக்கிற அறைக்கு மட்டும் லைனை விட்டு வைப்போம். அந்த டீசலும் துறைமுகத்தில் இறங்கி லாரியில் வந்ததுதான். இதை எந்தக் கரன்சியில் போடுவீர்கள்?

திருப்பூர் செந்தில்:

சகோதரி, நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் சரக்குக் கட்டணத்தில் ஆரம்பித்தவன்.

முத்துநகர் சார், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். செங்கடல் வழி நிஜமாகத் திறந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு தடவை ‘இலக்குகள் அழிப்பு’ என்று செய்தி வரும்போதும் சரக்கை அனுப்பித் தரும் என் ஃபார்வர்டர், அடுத்த மாதம் ரேட் இறங்கும் என்கிறார்.

முத்துநகர் இன்ஜினியர்:

குண்டுச் செய்தியை விடுங்கள். போர் அபாயக் காப்பீட்டுப் பிரீமியத்தைப் பாருங்கள். சண்டைக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை. ஜூலையில் அந்த இரண்டு கப்பல் மூழ்கியதும் கப்பல் மதிப்பில் 1 சதவீதம் வரை கேட்டார்கள். 5 கோடி டாலர் கப்பல் என்றால் ஒரு தடவை கடக்க 5 லட்சம் டாலர். லண்டனில் உட்கார்ந்து அந்த ரேட் போடுகிறவன் எந்த ராணுவப் பேச்சாளர் சொல்வதையும் நம்புவதில்லை. அந்தப் பிரீமியம் இறங்கி, பெரிய கண்டெய்னர் கம்பெனிகள் வரிசையாக சூயஸுக்குத் திரும்பி, இரண்டு மூன்று மாதம் ஓடிய பிறகு உங்கள் ரேட் இறங்கலாம்.

அதுவரை காஸ்டிங்கில் ஆப்பிரிக்காவைச் சுற்றும் கேப் வழியையே போட்டு வையுங்கள். டெலிவரி தேதியையும் அதற்கேற்ப பையரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.