பழைய லைப்ரரி பைத்தியம் புடிச்சிருக்கு, கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

மக்களே, ஒரு வாரமா ராத்திரி முழுக்க பழைய நூலகங்கள பத்திதான் படிச்சிட்டிருக்கேன். பழைய அசீரியாவோட நினிவே நகரத்துல (இப்போ ஈராக்) அசூர்பானிபால் ராஜா சேத்து வச்ச, எழுத்து பொறிச்ச களிமண் பலகைங்க, கி.மு. 612ல அரண்மனை எரிஞ்சப்போ செங்கல் மாதிரி வெந்து இறுகி பொழச்சுகிச்சு, காகிதமா இருந்திருந்தா சாம்பல்தான். போர்ச்சுகல் கோயம்ப்ரால இருக்கற ஜொவானினா நூலகத்துல பூச்சிய தின்ன வவ்வால் இருக்கு, ராத்திரி மேசைய தோல் விரிப்பால மூடிட்டு காலைல எச்சத்த கூட்டறாங்க (அந்த வேல குடுத்தாகூட போவேன்).

டவுட் இதுதான். இங்கிலாந்து ஹெரஃபோர்ட் கதீட்ரல்ல புக்க சங்கிலில கட்டி, முதுகுப்பக்கம் உள்ள போறமாதிரி அடுக்கிருக்காங்க, சங்கிலி முறுக்காம இருக்கத்தான், சரி, ஆனா புக்கோட பேரே வெளிய தெரியாம எப்படிப்பா தேடி எடுத்தாங்க? ஷெல்ஃப் ஓரத்து லிஸ்ட் மட்டும்தானா? இத்தாலி செசேனால இருக்கற பழைய சங்கிலி நூலகத்துக்கு போனவங்க யாராவது இருந்தா அங்க எப்படின்னும் சொல்லுங்க, தமிழ்ல இதபத்தி நல்ல புக் இருந்தாலும் பேர் போடுங்க ப்ளீஸ்.