ஷ்மிட், ஷ்மிட்ஸ்: ஜெர்மனியில் இத்தனை கொல்லர்கள் எப்படி வந்தார்கள்?

புதுக்கொலோன் எழுதியது:

வணக்கம். வேலைக்காக கொலோன் நகரத்துக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. எங்கள் அலுவலகத்தில் ஷ்மிட் என்ற குடும்பப்பெயர் உள்ளவர்கள் மூன்று பேர். ஷ்மிட்ஸ் என்று இன்னும் இரண்டு பேர். முதல் மூன்று பேரின் பெயரும் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கிறது. எழுதும்போதுதான் வித்தியாசம். ஒருவர் தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது "டோராவின் டி, தியோடரின் டி" என்கிறார். ஆங்கிலத்தில் டெல்லிக்கு வரும் டி, டோக்கியோவுக்கு வரும் டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்கு தியோடர் டி இரண்டு முறை. மூன்றாமவருக்கு டோரா டி ஒன்று மட்டும். மின்னஞ்சல் அனுப்பும் முன் ஒவ்வொரு தடவையும் பெயரை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயரின் பொருள் கொல்லர் என்று சொன்னார்கள். அப்படியென்றால் இவர்கள் எல்லாரும் ஒரே வம்சமா? நம் ஊரில் சாதிப் பெயர் போல, பரம்பரையாக அந்தத் தொழில் செய்த கூட்டமா? எழுத்து மாறுவதற்கு ஏதாவது காரணம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்பக்கரை எழுதியது:

எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் எழுதட்டும். ஜெர்மனியில் முதலிடம் முல்லர், அதாவது மாவு அரைக்கும் ஆலைக்காரர். நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர். இரண்டாமிடம் உங்கள் டோரா-தியோடர் ஷ்மிட், ஆயிரத்துக்கு ஏழு பேர் அளவில். அதற்குப் பின்னால் தையல்காரர், மீனவர், நெசவாளர், வண்டி செய்பவர், ரொட்டி சுடுபவர் என்று போகும். முதல் பத்துப் பெயர்களும் ஒரு தொழிலையோ பண்ணைப் பொறுப்பையோ ஊர்ப் பொறுப்பையோ குறிப்பவைதான். ஷ்மிட்டின் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒன்றாகக் கூட்டினால் முல்லரோடு முதலிடத்துக்கே போட்டி போடும்.

ரைன்கரைத் தபால் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ஜேர்மனியில் கடிதம் விநியோகிக்கும் வேலை செய்கிறேன். முதலில் கொலோனுக்குப் பக்கத்தில் பல வருடங்கள், பிறகு கணவரின் வேலை மாறியதால் வூர்ஸ்பேர்க்கில். இந்த நாட்டில் மாடிக் கட்டடத்து வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவிலக்கம் கிடையாது. தெருவும் கட்டட இலக்கமும் இருக்கும், அப்புறம் வாசலில் உள்ள மணிப்பலகையில் பெயர் இருக்கும். அந்தப் பெயர்தான் முகவரி. அதனால் குடும்பப்பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்காமல் என் வேலை நடக்காது. கொலோன் பக்கத்தில் நான் போன ஒரு கட்டடத்தின் பலகையில் ஷ்மிட்ஸ் மூன்று இருந்தன. மூன்று குடும்பங்களுக்கும் சொந்தம் எதுவும் இல்லை. மூன்றாவது மாடியில் இருந்த மூதாட்டி தன் பெயருக்குப் பக்கத்தில் கணவருடைய முதலெழுத்தைச் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தார். கணவர் இறந்து நெடுநாளாகியும் அந்த எழுத்தை அவர் எடுக்கவில்லை. கடிதங்கள் சரியாக வந்து சேர்ந்தது அந்த எழுத்தால்தான்.

ஒரே வம்சமா என்றால், இல்லவே இல்லை. 12ஆம் நூற்றாண்டு வரைக்கும் இங்கே சாதாரண மக்களுக்கு ஒரு பெயர்தான். நகரம் பெருத்தபோது ஒரே தெருவில் நாலு ஹான்ஸ், ஐந்து ஹைன்ரிஷ் என்று ஆகிவிட்டது. வரி வாங்கவும் பத்திரம் எழுதவும் அது போதவில்லை. அடையாளமாக இன்னொரு சொல் சேர்த்தார்கள். எந்த ஊர்க்காரர், யாருடைய மகன், என்ன நிறத் தலைமுடி, என்ன தொழில், இதில் ஏதோ ஒன்று. ரைன் நதிக்கரை நகரங்களிலும் தெற்கிலும் இது முதலில் தொடங்கி, மெல்ல மெல்ல வடக்குக்கும் கிராமங்களுக்கும் பரவியது. வடகடல் ஓரத்து ஃபிரீஸ்லாந்தில் 1811இல் நெப்போலியனின் ஆணை வந்த பிறகுதான் எல்லாரும் நிலையான குடும்பப்பெயர் எடுத்தார்கள்.

இப்போது கொல்லரைப் பாருங்கள். ஒரு கிராமத்தில் பெரும்பாலானவர்கள் விவசாயிகள். அங்கே ஒருவரை "விவசாயி ஹான்ஸ்" என்று அழைத்து என்ன பயன்? யாரென்று தெரியாது. ஆனால் கொல்லர் ஊருக்கு ஒருவர். குதிரைக்கு லாடம், கலப்பைக்குக் கொழு, அரிவாள், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை, கதவுக்கு ஆணி, எல்லாம் அவர் கையால்தான். தீப்பிடிக்கும் பயத்தால் பட்டறை ஊரோரத்தில் தனியாக இருக்கும். "கொல்லர் ஹான்ஸ்" என்றால் சின்னப் பிள்ளைக்கும் ஆளைத் தெரியும். ஆலைக்காரரும் அப்படித்தான். ஊருக்கு ஒருவராக இருந்தபடியால்தான் அந்தப் பெயர் ஒட்டியது. அப்படி ஆயிரக்கணக்கான கிராமங்களில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல், ஆயிரக்கணக்கான கொல்லர்களுக்கு ஒரே பெயர் ஒட்டியது. இன்று நாடு முழுக்க ஷ்மிட் குவிந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

சாதிப் பெயரோடு ஒப்பிட்டீர்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. கொல்லரின் மகன் பட்டறையை எடுத்து நடத்தியது உண்டு, ஆனால் ரொட்டிக்காரராகவோ பாதிரியாராகவோ போனாலும் பெயர் கூடவே போய்விடும். பழைய வரிப்பட்டியலில் "ஹான்ஸ் ஷ்மிட்" என்று மட்டும் இருந்தால் அது தொழிலா பெயரா என்று சொல்வது கடினம். அதே பட்டியலில் "ஹான்ஸ் ஷ்மிட், ரொட்டி சுடுபவர்" என்று வந்தால், அந்த ஊரில் பெயர் உறைந்துவிட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்வார்கள். ஷ்மிட் என்ற பெயருக்காக ஒருவர் இன்னொரு ஷ்மிட் வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இங்கே இருந்ததில்லை.

ரத்த உறவுக்கும் பெயருக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஹெல்முட் ஷ்மிட்டைச் சொல்லலாம், 1974 முதல் 1982 வரை மேற்கு ஜேர்மனியின் சான்சலராக இருந்தவர். அவருடைய தந்தையைப் பெற்றவர் ஒரு யூத வங்கியாளர். துறைமுகத் தொழிலாளியான ஒரு ஷ்மிட்டின் குடும்பம் அந்தக் குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தது. நாட்டின் மிகப் பிரபலமான ஷ்மிட்டுக்கு அந்தப் பெயர் தத்து வழியாகத்தான் வந்தது.

புதுக்கொலோன் எழுதியது:

அக்கா, மிக்க நன்றி. ஊருக்கு ஒருவர் என்பதால்தான் பெயர் பரவியது என்பது நான் யோசித்தே பார்க்காத கோணம். எழுத்து வேறுபாடு பற்றியும் சொல்லுங்களேன். அலுவலகத்தில் கேட்டால் "எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் எழுதுவோம்" என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை.

ரைன்கரைத் தபால் எழுதியது:

அதற்குத்தான் வருகிறேன். வசதிக்காக இப்படிப் பெயர் வைத்துக்கொள்வோம். டோராவும் தியோடரும் சேர்ந்தது கலப்பு ஷ்மிட். தியோடர் இரண்டு வந்தால் இரட்டை ஷ்மிட். டோரா மட்டும் என்றால் ஒற்றை ஷ்மிட்.

ஜேர்மன் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய டோரா டி, உச்சரிக்கும்போது வல்லினத் தியோடர் டி ஆகிவிடும். ஆனால் பின்னால் இன்னொரு உயிரெழுத்து ஒட்டினால் மெல்லிய ஒலி திரும்ப வந்துவிடும். ஆக, எழுதுகிறவர் காதால் கேட்டதை எழுதுவதா, சொல்லின் வேரை எழுதுவதா என்ற குழப்பம். சிலர் ஒன்றை எடுத்தார்கள், சிலர் மற்றதை, சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அலுவலக எழுத்தர்களுக்கு மெய்யெழுத்துகளை அடுக்குவது ஒரு மோஸ்தர். ஒரே ஆளின் பெயரை ஞானஸ்நானப் புத்தகத்தில் ஒரு மாதிரியும் திருமணப் பதிவில் இன்னொரு மாதிரியும் பாதிரியார் எழுதியிருப்பார். பிரஷ்யாவில் 1874இலும், நாடு முழுக்க 1876இலும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தன. அதற்குப் பிறகுதான் எழுத்து அசையாமல் நின்றது. கொல்லரைக் குறிக்கும் இன்றைய சொல்லை நடுவில் நெடில் ஒலியோடு "ஷ்மீட்" என்று சொல்கிறார்கள், எழுத்திலும் அந்த நீட்டம் உண்டு. ஆனால் அந்த எழுத்தோடு குடும்பப்பெயர் வைத்திருப்பவர்கள் குறைவு. பெயர் பழைய எழுத்திலேயே உறைந்து போய்விட்டது.

ஆனால் எந்த எழுத்து எங்கே என்பது தற்செயல் அல்ல. கொலோன் பக்கத்தில் என் பிரிப்புப் பெட்டியில் ஷ்மிட்ஸ் கட்டுக்கட்டாக விழும். கடைசி "ஸ்" என்பது "கொல்லருடைய" என்ற வேற்றுமை உருபு, "கொல்லர் வீட்டுப் பிள்ளை" என்கிற மாதிரி. கீழ்ரைன் பகுதியில் இப்படி உருபு ஒட்டுவது வழக்கம். மைன் நதிக்கரையில் உள்ள வூர்ஸ்பேர்க்குக்கு வந்த முதல் வாரமே அந்த இடத்தை இரட்டை ஷ்மிட் பிடித்துக்கொண்டது. மோசல், ஸார்லாந்து, பிஃபால்ஸ், மைன் நதிக்கரை எல்லாம் இரட்டை ஷ்மிட்டின் பூமி. பவேரியாவின் தெற்கிலும் சுவாபியாவிலும் சுவிட்சர்லாந்திலும் ஒற்றை ஷ்மிட். வடக்கு, கிழக்கு, நடுப்பகுதி முழுக்கக் கலப்பு ஷ்மிட்.

பெயர் தெரிந்த ஆட்களை வைத்தே சரி பார்க்கலாம். ஹெல்முட் ஷ்மிட் வடக்கே உள்ள ஹம்பர்க்காரர், கலப்பு. 1949இன் அடிப்படைச் சட்டம் என்ற அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்லோ ஷ்மிட் சுவாபியாவின் டியூபிங்கனில் பேராசிரியராக இருந்தவர், ஒற்றை. விமானம் கட்டிய வில்லி மெஸ்ஸர்ஷ்மிட் மைன் பக்கத்துப் பாம்பேர்க்கில் வளர்ந்தவர், இரட்டை. 1945க்குப் பிறகு கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் பேர் நாடு முழுக்கக் கலந்தார்கள். அப்படியும், 2005ஆம் ஆண்டுத் தொலைபேசி இணைப்புகளை வைத்து ஃப்ரைபுர்க், மைன்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தயாரித்த குடும்பப்பெயர் வரைபடத் தொகுப்பில் இந்த எல்லைகள் பளிச்சென்று தெரிகின்றன. ஆட்கள் எவ்வளவு இடம்பெயர்ந்தாலும் பெரும்பகுதியினர் பிறந்த வட்டாரத்திலேயே வேர்விட்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது.

மெஸ்ஸர்ஷ்மிட் என்றால் கத்தி செய்பவர். நகரங்களில் கொல்லர்கள் பிரிந்து பிரிந்து வேலை செய்ததால் இப்படி நிறையக் கிளைகள் உண்டு. கோல்ட்ஷ்மிட் பொற்கொல்லர், குப்ஃபர்ஷ்மிட் செம்பு வேலை செய்பவர், நாகல்ஷ்மிட் ஆணி அடிப்பவர், ஷார்ஷ்மிட் கலப்பைக் கொழு அடிப்பவர். க்ளைன்ஷ்மிட் என்றால் சின்னக் கொல்லர் என்றுதான் தோன்றும். அது ஆளின் அளவு இல்லை, பூட்டு, சாவி, கீல் போன்ற சின்னச் சாமான்கள் செய்பவர்.

வேப்பேரிவாசி எழுதியது:

சென்னையிலிருந்து ஒரு சேர்க்கை. இந்தக் கொல்லர் பெயருக்குத் தமிழோடும் உறவு உண்டு. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் பல்கலைக்கழகம் போன ஜெர்மானியர்கள் தங்கள் குடும்பப்பெயரை லத்தீனில் மாற்றி எழுதுவது கௌரவமாக இருந்தது. தையல்காரர் ஷ்னைடர் சர்த்தோரியுஸ் ஆனார், மீனவர் ஃபிஷர் பிஸ்காட்டோர் ஆனார், விவசாயி பவுவர் அக்ரிகோலா ஆனார். லத்தீனில் கொல்லருக்கு ஃபாபெர். அதிலிருந்து ஷ்மிட் குடும்பங்கள் எடுத்துக்கொண்ட வடிவம்தான் ஃபாப்ரிசியுஸ்.

ஆம், நம் பெப்ரிசியஸ் பெயர்தான். 1711இல் ஹெஸ்ஸன் பகுதியின் க்ளீபெர்க்கில் பிறந்து, 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னையில் வாழ்ந்து 1791இல் மறைந்த மிஷனரி யோகான் பிலிப் பெப்ரிசியஸ். 1761இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றி வந்த அச்சு இயந்திரம் வேப்பேரியில் இவர் பொறுப்பில்தான் ஓடியது. 1779இல் இவருடைய தமிழ்-ஆங்கில அகராதி அதில் அச்சானது. பின்னால் தரங்கம்பாடியில் விரிவுபடுத்தி வெளியிட்ட பதிப்புகளை இன்றும் இணையத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறோம். புரசைவாக்கத்துப் பள்ளிக்கு இருப்பதும் இவர் பெயரே.

இவருக்கு முன்பே 1719இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி பெஞ்சமின் ஷுல்ட்சே பெயரும் இதே இனம். கடமைகளை வசூலிக்கும் ஊர்த்தலைவர் என்ற பதவியிலிருந்து வந்தது அது. தஞ்சாவூர் மிஷனரி ஷ்வார்ட்ஸ் பெயர் மட்டும் தொழிற்பெயர் அல்ல, கறுப்பு என்று பொருள், தலைமுடியையோ நிறத்தையோ வைத்து வந்த வகை.

புதுக்கொலோன் எழுதியது:

பெப்ரிசியஸ் அகராதியைக் கல்லூரியில் பயன்படுத்தியிருக்கிறேன் ஐயா. அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒன்றே என்று இன்றைக்குத்தான் தெரியும். கடைசியாக ஒரு சந்தேகம். இத்தனை பேருக்கு ஒரே பெயர் என்றால் அரசாங்கம் எப்படிச் சமாளிக்கிறது?

ரைன்கரைத் தபால் எழுதியது:

வேப்பேரி ஐயாவுக்கு நன்றி, அந்தத் தொடர்பு எனக்கும் புதிது.

தம்பி, இங்கே குடும்பப்பெயரை நினைத்தபடி மாற்ற விடமாட்டார்கள், தக்க காரணம் காட்ட வேண்டும். ஆனால் முல்லர், ஷ்மிட், மையர் மாதிரிப் பெயர்கள் ஆளை வேறுபடுத்தும் சக்தியை இழந்துவிட்டன என்று நிர்வாக விதியே ஏற்றுக்கொள்கிறது. அவற்றுக்குக் "கூட்டுப் பெயர்" என்று ஒரு வகையே வைத்திருக்கிறார்கள், பெயர் மாற்றத்துக்கு அது நியாயமான காரணமாக எடுத்துக்கொள்ளப்படும். பலர் கல்யாணத்தின்போது இதைத் தீர்த்துக்கொள்கிறார்கள். 1976இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மனைவியின் பெயரையும் குடும்பப்பெயராகத் தேர்ந்தெடுக்கலாம். 2025 மே மாதத்திலிருந்து கணவன், மனைவி இருவருமே இரண்டு பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

பாராளுமன்றத்தில் இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரே குடும்பப்பெயரில் பல உறுப்பினர்கள் இருந்தால், ஆவணங்களில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஊரைப் போடுவார்கள். 2021 வரை அங்கே ஒன்றாக இருந்தவர்களைப் பாருங்கள்: உல்லா ஷ்மிட் (ஆகன்), கிறிஸ்டியான் ஷ்மிட் (ஃபியுர்த்), டாக்மார் ஷ்மிட் (வெட்ஸ்லார்). மூவரும் கலப்பு ஷ்மிட்தான், கொலோன் பக்கத்து ஆகன்காரரும் கூட.

உங்கள் அலுவலகத்து ஆட்களிடம் பெயரின் பொருளைக் கேட்காதீர்கள், அது எல்லாருக்கும் தெரியும். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேளுங்கள். இரட்டை ஷ்மிட்டின் தாத்தா மோசல் பக்கமாகவோ மைன் பக்கமாகவோ இருக்க நல்ல வாய்ப்பு. ஷ்மிட்ஸ் இருவரும் பெரும்பாலும் கொலோன் வட்டாரத்து ஆட்களாகத்தான் இருப்பார்கள். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.