பாட்டில் காலியானால் வால்வு பிழைத்ததா?

நாலாவது சிலிண்டர்:
"கேஸ் கிட் போட்ட அன்றே சொட்டு பாட்டிலையும் மாட்டிவிடுங்கள், அப்புறம் ஜென்மத்துக்கும் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் திறக்க வேண்டாம்" என்று சாலைவாசி நேற்று அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. கேஸில் ஓடும் என்ஜினில் வால்வு தேயாமலிருக்க எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் அந்த பாட்டில் எப்படி வேலை செய்கிறது என்று ஒருவராவது யோசித்தீர்களா? என்ஜினுக்குள் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் வேக்குவம்தான், அதாவது வெற்றிடம்தான், எண்ணெயை உறிஞ்சுகிறது. வேக்குவம் எப்போது அதிகம்? வண்டி ஐடிலில், அதாவது மிதிக்காமல் என்ஜின் மட்டும் ஓடியபடி, நிற்கும்போதும், காலை எடுத்துவிட்டு இறக்கத்தில் இறங்கும்போதும். எப்போது கிட்டத்தட்ட இல்லை? ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஏற்றம் ஏறும்போது. வால்வு மூடும்போது போய் உட்காரும் இடமான வால்வு சீட் அடி வாங்குவதும் அந்த ஏற்றத்தில்தான். ஆக, ஐடிலில் ஊற்றும், ஏற்றத்தில் வாயை மூடிக்கொள்ளும். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

சாலைவாசி:
பாட்டில் காலியாகிறது சார். நானே நிரப்புகிறேன், அதுவும் காலியாகிறது. எண்ணெய் என்ஜினுக்குள் போகாமல் ஆவியாகவா போகிறது? கேஸில் 80,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், என்ஜின் ஒரு முறைகூடத் திக்கி மிஸ் அடித்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நாலாவது சிலிண்டர்:
பாட்டில் காலியாவது பாட்டில் காலியானதற்கு மட்டுமே சாட்சி. கணக்குப் போடுவோமா? லிட்டர் கேஸுக்கு 1 மில்லி எண்ணெய் என்பது வழக்கமான அளவு. மணிக்கு 10 லிட்டர் கேஸ் குடிக்கும் ஓட்டத்தில் 10 மில்லி வேண்டும். மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு மூன்றுக்கு மேல். ஐடிலில் மணிக்கு 1 லிட்டர் போகிறது என்று வையுங்கள், மூன்று நிமிடத்துக்கு ஒரு சொட்டு போதும். உங்கள் வண்டியில் ஐடிலில் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?

சாலைவாசி:
நிமிடத்துக்கு ஆறு. மெக்கானிக் எண்ணிப் பார்த்து வைத்தது.

நாலாவது சிலிண்டர்:
பதினெட்டு மடங்கு! சிக்னலில் நிற்கும்போது வால்வுக்கு எண்ணெய்க் குளியல், ஏற்றத்தில் பட்டினி. இதைத்தானே சொன்னேன்.

டேப்பெட் தாத்தா:
தம்பி, மில்லிக்கு 20 சொட்டு என்பது தண்ணீருக்கு. எண்ணெய்ச் சொட்டு சிறியது, 30-க்குக் குறையாது. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கேலி செய்யலாம்.

நாலாவது சிலிண்டர்:
சரி தாத்தா, 18 மடங்கு 12 மடங்காகிறது. ஐடிலில் ஊற்றுவது நின்றுவிட்டதா? ஏற்றத்தில் சொட்ட ஆரம்பித்துவிட்டதா? போன மாதம் என்ஜின் ஆயில் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான், மரத்தை விட்டுவிட்டு இலையை எண்ணினீர்கள்.

டேப்பெட் தாத்தா:
அந்த விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி, அது இருக்கட்டும். 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று கண்டது எரிபொருள் தாறுமாறாக வெடித்து என்ஜின் தட்டுவதை நிறுத்தத்தான். சீட்டின் மேல் படிந்த ஈயப் படலம் மெத்தை போல நின்று வால்வையும் காத்தது, அது சும்மா கிடைத்த லாபம். பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் தனி சீட்டே கிடையாது, ஹெட்டிலேயே கடைந்திருப்பார்கள். ஈயம் போனதும் அவைதான் முதலில் தேய்ந்தன. கேஸில் ஈயமும் இல்லை, படிவு விடும் சரக்கும் இல்லை. சூட்டில் வால்வும் சீட்டும் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டி ஒட்டிப் பிய்கின்றன. வால்வு சீட்டுக்குள் இறங்குகிறது, தண்டு மேலே ஏறுகிறது, தண்டுக்கும் அதைத் தள்ளும் டேப்பெட்டுக்கும் நடுவே விட்ட இடைவெளி காணாமல் போகிறது. அப்புறம் வால்வு முழுதாக மூடாது. மூடியிருக்கும்போதுதான் அது தன் சூட்டைச் சீட்டுக்குக் கடத்த முடியும், மூடாத வால்வு கருகிவிடும். இவ்வளவுதான் விஷயம். கோபால்ட் கலந்த கடினமான சீட் போட்டவன் நிம்மதியாகத் தூங்குவான், உங்கள் பாட்டிலும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

சாலைவாசி:
தாத்தா, என் வண்டியில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட். இடைவெளி பார்க்கிற வேலையே இல்லை.

நாலாவது சிலிண்டர்:
அதனால்தான் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை! ஹைட்ராலிக், தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொண்டு கடைசி வரை மறைத்து வைக்கும். அதன் ஓட்டம் தீர்ந்த அன்று ஒரே அடியாகக் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், போகும். "மிஸ் அடிக்கவில்லை" என்பது சான்றிதழ் அல்ல. கம்ப்ரஷன் பார்த்தீர்களா?

சாலைவாசி:
ஓடுகிற வண்டிக்கு எதற்குக் கம்ப்ரஷன்? பாட்டில் காலியாகிறது.

தனித்தமிழ்க் காதலன்:
வால்வு, சீட், ஹெட், கம்ப்ரஷன்... ஒரு வரியாவது தமிழில் எழுதக்கூடாதா? ஓரதர் என்ற அழகான சொல் இருக்கிறதே.

டேப்பெட் தாத்தா:
ஐயா, அதர் என்றால் வழி. ஓரதர் என்றால் ஒரு வழி. காற்று பம்பில் இருக்கிறதே, ஒரு பக்கம் மட்டும் விடுவது, அதற்குப் பொருந்தும். என்ஜினில் சுழலும் கேம் தள்ளித் திறக்கும் வால்வுக்கு எப்படிப் பொருந்தும்?

தனித்தமிழ்க் காதலன்:
உள்ளே வருவது உள்ளேயே, வெளியே போவது வெளியேயே. ஒரு வழிதானே? ஆங்கில மோகத்துக்குச் சாக்கு வேண்டாம்.

நாலாவது சிலிண்டர்:
ஓரதரோ ஈரதரோ, ஐடிலில் ஊற்றுகிறது, ஏற்றத்தில் ஊற்றவில்லை. தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

கலவைக்காரன்:
எல்லோரும் பாட்டிலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். கேஸ் கூடுதல் சூட்டோடு எரிவதில்லை, சுவாலைச் சூடு பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் கேஸ் ஆவியாகவே உள்ளே வருகிறது, பெட்ரோல் துளி ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சி இல்லை. முழு மிதியில் பல பெட்ரோல் என்ஜின்கள் காற்று-எரிபொருள் கலவையில் எரிபொருளைக் கூட்டிக் கெட்டியாக்கி வால்வைக் குளிர வைக்கும். எப்போது எவ்வளவு கேஸ் விடுவது என்ற அட்டவணையான மேப்பை ஒழுங்காகப் போடாவிட்டால் அதுவும் நடக்காது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் கேஸ் விடும் சீக்வென்ஷியல் கிட் என்றால் அதிக ஆர்பிஎம்மில் கொஞ்சம் பெட்ரோலையும் சேர்த்து விடச் சொல்லலாம். எண்ணெய்தான் வேண்டும் என்றால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைப் பார்த்து அளந்து விடும் எலெக்ட்ரானிக் பம்ப் இருக்கிறது. நாலாவது சிலிண்டர் சார், உங்கள் பெயருக்குக் காரணமான அந்த வால்வு கருகியதே, அப்போது கலவை எப்படி இருந்தது?

நாலாவது சிலிண்டர்:
பாட்டில் மாட்டியிருந்தேன், 60,000 கிலோமீட்டரில் நாலாவது சிலிண்டரின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு கருகியது. மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. எண்ணெய், காற்று நுழையும் த்ராட்டிலுக்குப் பின்னால் ஒரே இடத்தில் விழுகிறது, கடைசி சிலிண்டருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று யார் கண்டது? அதுவும் ஐடிலில் மட்டும்.

கலவைக்காரன்:
கலவையைக் கேட்டேன்.

நாலாவது சிலிண்டர்:
நானும் பாட்டிலைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கலவைக்காரன்:
மைலேஜுக்காகக் கலவையில் கேஸைக் குறைத்து இறுக்கி வைத்திருந்தீர்கள், கேஸ் அழுத்தத்தைக் குறைக்கும் ரெடியூசர் பற்றிப் பேச்சு வந்தபோது நீங்களே பெருமையாக எழுதியது. லீனாக ஓட்டிக் கருக்கிவிட்டுச் சொட்டின் மேல் பழி.

நாலாவது சிலிண்டர்:
பழைய குப்பையைக் கிளறுவது உங்கள் பொழுதுபோக்கு. என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: ஏற்றத்தில் வேக்குவம் இருக்கிறதா, இல்லையா?

டேப்பெட் தாத்தா:
இல்லை. ஆனால் உங்கள் சொட்டுக் கணக்கு தப்பு.

சாலைவாசி:
இன்று காலை மறுபடி நிரப்பினேன். ஏற்ற வழியாகத்தான் போய் வந்தேன். பாதி காலி.

நாலாவது சிலிண்டர்:
இறக்கத்தில் காலியாகியிருக்கும்.